படுக்கையறையே பாட்டறை

வீட்டிலேயே பாட்டு எழுதி, வீட்டிலேயே பாடி, வீட்டிலேயே மிக்சிங் முடித்து வெளியிடுகிறவர்களின் கேள்விகளுக்கு இந்தப் பக்கம். இம்முறை எல்லாக் கடிதங்களும் ஜொகூரிலிருந்து.

வரிசை வீட்டின் பின்னறையில் ரெக்கார்டிங் செய்கிறேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. ஸ்டூடியோவுக்குப் போகக் காசில்லை. வழி உண்டா?
*– இளைஞர், மாசாய்*

உண்டு, தம்பி. அறை நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய சத்தத்துக்குப் பின்னாலேயே ‘டிர்ர்’ என்று ஒரு நடுக்கம் வந்தால் அதுதான் நீங்கள் சொல்லும் கிணறு. நம் தாமான் வீடுகளில் சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல் என்று எல்லாமே வழவழப்பு. எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் சத்தத்தை மாறி மாறித் தள்ளிவிடும். மைக் உங்கள் குரலோடு அந்தத் தள்ளுமுள்ளையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறது.

பலரும் மைக்குக்குப் பின்னால் உள்ள சுவரில் பஞ்சு ஒட்டுகிறார்கள். ஆனால் மைக்கின் முகம் உங்களைப் பார்த்து இருக்கிறது. அது கேட்பது உங்களையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். ஆகவே மெத்தையைத் தூக்கி உங்கள் முதுகுப் பக்கம் நிறுத்துங்கள். துணி நிறைந்த அலமாரி இருந்தால் இன்னும் நல்லது. கதவுகளை விரியத் திறந்து, துணிகளுக்கு முதுகைக் காட்டி நின்று பாடுங்கள். தரையில் கனமான போர்வை ஒன்று விரியுங்கள். மறுபடி கை தட்டிப் பாருங்கள். நடுக்கம் செத்திருக்கும்.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். நேராகப் பாடாமல் கொஞ்சம் சாய்வாகப் பாடுங்கள். தமிழில் ‘ப’ வருகிற இடமெல்லாம் காற்று வெடிக்கும். ‘பட்டுப் பாப்பா’ என்று சொல்லி உள்ளங்கையை வாய்க்கு முன் பிடித்துப் பாருங்கள், தெரியும். எம்பிராய்டரி வளையத்தில் பழைய ஸ்டாக்கிங் துணியை இழுத்துக் கட்டி இடையில் வைத்தால் அந்தக் காற்று அங்கேயே உடைந்துவிடும்.

காற்றாடியையும் ஏர்கோனையும் அணைத்துவிட வேண்டும். வியர்க்கும். இரண்டு டேக் பாடி, வெளியே வந்து தண்ணீர் குடித்து, மறுபடி உள்ளே போங்கள். பாடகர் மைக் பெரும்பாலும் முன்பக்கம் கேட்கும், பின்பக்கம் செவிடு. அந்தச் செவிட்டுப் பக்கத்தை ஜன்னல் இருக்கும் திசைக்குத் திருப்பி வையுங்கள். பக்கத்து வீட்டு நாய் பாதி குறையும். போர்ச் தகரத்தில் மழை கொட்டினால் மட்டும் எந்தத் திசையும் உதவாது. அந்த நேரத்தில் வரிகளைத் திருத்துங்கள்.

24 பிட்டில் பதிவு செய்யுங்கள். நீங்கள் உச்சத்தில் பாடும்போது அளவுமானி மைனஸ் 12-லிருந்து மைனஸ் 6 டெசிபெலுக்குள் நின்றால் போதும். சிவப்பைத் தொட்ட குரலை யாராலும் மீட்க முடியாது. மெதுவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டலாமா?
*– கூலாய்*

முட்டை வைக்க மட்டும். சத்தத்தில் கொஞ்சம் உயர்சுரம்தான் அதில் சிக்கும், நடுவும் அடியும் தாண்டிப் போய்விடும். தீப்பிடித்தால் அறையோடு போகும்.

கண்டென்சர் மைக் வாங்குவதா, டைனமிக் வாங்குவதா?
*– குளுவாங்*

அறை அடங்கியிருந்தால் கண்டென்சர். நாயும் மோட்டாரும் பாத்திரச் சத்தமும் உள்ளே வருகிற அறையென்றால் டைனமிக். கண்டென்சருக்குக் காது கூர்மை. 48 வோல்ட் மின்சாரம் கொடுத்து எழுப்பினால் அடுப்படியில் கடுகு வெடிப்பதும் கேட்கும். ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக் 1966-இலிருந்து சந்தையில் இருக்கிறது. கோயில் மேடையிலும் கல்யாண மண்டபத்திலும் நீங்கள் பார்த்த மைக் அநேகமாக அதுவாகவோ அதன் நகலாகவோதான் இருக்கும். போலிகள் ஏராளம். நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். மென்பொருளுக்குச் செலவு வேண்டாம். ஆப்பிள் கணினியில் கராஜ்பேண்ட் இலவசம். ரீப்பரை 60 நாள் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம்.

விடிவதற்கு முன்னே மோட்டாரில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறேன். வீடு திரும்ப இரவு ஒன்பது. எப்போது பாடுவது?
*– தாம்போய்*

வேலை நாளில் பாடாதீர்கள். பகலெல்லாம் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிய தொண்டை இரவு பத்து மணிக்கு உங்கள் பேச்சைக் கேட்காது. வேலை நாள் எழுதும் நாளாக இருக்கட்டும். மெட்டு வந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டு, சாப்பாட்டு நேரத்தில், கைப்பேசியில் முனகி வையுங்கள். வரி திருத்துவது, தாளம் போடுவது, பீட்டை வெட்டி ஒட்டுவது எல்லாம் ஹெட்போனில் நடக்கிற வேலை. தூங்குகிற வீட்டை அது எழுப்பாது.

குரலுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. 2025 ஜனவரி 1 முதல் ஜொகூருக்குச் சனி, ஞாயிறு விடுமுறை திரும்பிவிட்டது. அதற்கு முன் 2014-லிருந்து வெள்ளி, சனி விடுமுறையாக இருந்த காலத்தில் கோலாலம்பூர் கீபோர்டுக்காரரும் சிங்கப்பூர் கிட்டாரிஸ்டும் ஜொகூர் பாடகரும் ஒன்றாக உட்காரச் சனிக்கிழமை ஒன்றுதான் பொதுவாகக் கிடைத்தது. இப்போது இரண்டு நாள் பொது. அந்த இரண்டில் பாதி நாளைப் பாட்டுக்கு எழுதி வையுங்கள், வீட்டில் சொல்லியும் வையுங்கள்.

கோலாலம்பூருக்குப் போனால்தான் பெயர் வரும் என்கிறார்களே?
*– பாடகி, ஸ்கூடாய்*

தங்கச்சி, மீரியில் பிறந்த ஜீ ஆவி வெப்கேமராவுக்கு முன் உட்கார்ந்து, கையில் ஒரு யுகலேலியோடு பாடி யூடியூபில் போட்டார். அமெரிக்க ‘ராக்கண்டர்ஸ்’ குழுவின் டிரம்மர் பேட்ரிக் கீலர் அதைப் பார்த்துத் தெரிந்தவர்களிடம் சொன்னார். 2009-இல் ஜாக் ஜான்சனின் பிரஷ்ஃபயர் நிறுவனம் அவர் ஆல்பத்தை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலிசில் பில்லி ஐலிஷும் அவர் அண்ணன் ஃபினியஸும் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் செய்த ஆல்பம் 2020-இல் கிராமி விருதுகளை அள்ளியது. கோயம்புத்தூர் ஆதியின் ‘ஹிப்ஹாப் தமிழா’ 2011-இல் ‘கிளப்புல மப்புல’ பாட்டால் இணையத்தில் பரவிய பிறகுதான் சினிமா அவர்களைத் தேடி வந்தது.

நம் நாட்டுக் கதை இவற்றுக்கும் முந்தியது. யோகி பி & நட்சத்திரா 2006-இல் ‘வல்லவன்’ ஆல்பம் போட்டார்கள். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் மலேசியத் தமிழில் ராப் பாட, அது கடல் தாண்டித் தமிழ்நாட்டுத் தெருக்களில் ஒலித்தது. ‘நிழல்கள்’ படத்தின் ‘மடை திறந்து’ பாட்டை அவர்கள் எடுத்துச் செய்த விதத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று சென்னையில் ராப் பாடுகிறார்கள். 2007-இல் ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பி-யின் குரல் வந்தது. 2016-இல் ‘கபாலி’யில் ரோஷன் ஜாம்ராக் ராப் பாடினார்.

நம் பேச்சு நடையை மறைத்துச் சென்னைத் தமிழைக் கடன் வாங்கிப் பாடியிருந்தால் அவர்களை யார் தனியாகக் கவனித்திருப்பார்கள்? நீங்கள் ஸ்கூடாயில் பேசுகிற மாதிரியே பாடுங்கள். அது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. ஊர் மாறுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கரோக்கி டிராக் எடுத்து ராஜா சார் பாட்டைப் பாடிப் போட்டேன். யூடியூப் ‘உரிமை கோரல்’ அனுப்பியிருக்கிறது. சொந்தக் குரலில்தானே பாடினேன்?
*– செகாமாட்*

குரல் உங்களுடையது. மெட்டும் வரியும் இன்னொருவருடையது. கரோக்கி டிராக் மூன்றாமவருடையது. ஒரு பாட்டுக்குள் குறைந்தது இரண்டு சொத்துகள் இருக்கின்றன: இசையமைத்து எழுதிய படைப்பு ஒன்று, அதைப் பதிவு செய்த ஒலி இன்னொன்று. 2017-இல் எஸ்.பி.பி.க்கே இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. மேடையில் பாடியதற்குத்தான்.

பயப்பட வேண்டாம். உரிமை கோரல் வந்தால் பெரும்பாலும் அந்த வீடியோவின் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், அவ்வளவே. ‘ஸ்ட்ரைக்’ வந்தால்தான் சேனலுக்கு ஆபத்து. மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலே போய்விடும். நன்றாகப் பாடுகிறவர் நீங்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. அடுத்த பாட்டு உங்கள் சொந்த மெட்டாக இருக்கட்டும்.

நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டு செய்தோம். வரி என்னுடையது. இப்போது பீட் செய்தவர் ‘முழுசும் என் பாட்டு’ என்கிறார்.
*– பாசிர் கூடாங்*

இந்த மாதிரிக் கடிதம்தான் எனக்கு அதிகம் வருகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு நட்பு உடைந்திருக்கிறது.

மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பை எழுதியோ பதிவு செய்தோ வைத்த அந்த நேரமே உரிமை பிறந்துவிடும். யாரிடமும் மனு போட வேண்டாம். படைத்தவர் ஆயுள் முழுதும், அவர் போன பிறகு 50 ஆண்டும் அது நிற்கும். ஆகவே வரி உங்களுடையது என்பதில் சந்தேகம் இல்லை. நிரூபிப்பதுதான் பாடு. வரி எழுதிய நோட்டு, திருத்திய வாட்ஸ்அப் செய்தி, கைப்பேசியில் முனகிய ஒலி எல்லாவற்றிலும் தேதி இருக்கும். ஒன்றையும் அழிக்காதீர்கள். மைஐபிஓ என்கிற மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில், விரும்புகிறவர்கள் தங்கள் படைப்பை அறிவித்துப் பதிந்துகொள்ளவும் வசதி இருக்கிறது. வழக்கு என்று வந்தால் அந்தப் பதிவு கைகொடுக்கும்.

இனி வரும் பாட்டுகளுக்கு ஒரே ஒரு தாள் போதும். பாட்டின் பெயர், தேதி, யார் வரி, யார் மெட்டு, யார் பீட், யார் குரல், யாருக்கு எத்தனை விழுக்காடு, நாலு கையெழுத்து. மிக்சிங் முடிந்த அன்றே, வெளியிடுவதற்கு முன்னாலேயே எழுதுங்கள். காசு வராத பாட்டுக்கு எதற்கு இதெல்லாம் என்று யாராவது சிரிப்பார்கள். காசு வராதபோது கையெழுத்து வாங்குவது சுலபம்.

பீட்டை இணையத்தில் வாங்கியிருந்தால் அந்த ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். விலை குறைந்த ‘லீஸ்’ என்றால் அதே பீட்டை வேறு நூறு பேருக்கும் விற்கலாம். எத்தனை முறை ஒலிக்கலாம் என்று வரம்பும் இருக்கும். எழுதியவரும் இசையமைத்தவரும் எம்.ஏ.சி.பி.யில் உறுப்பினர் ஆகுங்கள். 1989-இல் தொடங்கிய அமைப்பு. வானொலியிலும் கடைகளிலும் மேடைகளிலும் பாட்டு ஒலிப்பதற்கான ராயல்டியை வாங்கிப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. நீங்கள் உறுப்பினர் இல்லை என்றால் உங்கள் பங்கை யாரிடம் கொடுப்பது?

மின்னல் எஃப்எம்முக்கும் ராகாவுக்கும் பாட்டு அனுப்ப ஆசை. என்ன தயார் செய்ய?
*– யோங் பெங்*

எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பு. கோப்பின் பெயர் ‘ஃபைனல் ஃபைனல் புதுசு 3’ என்று இருக்கக் கூடாது. பாடகர் பெயர், பாட்டுப் பெயர், அவ்வளவு. கூடவே வரிகள், எழுதியவர் இசையமைத்தவர் பெயர்கள், மூன்று வாக்கியத்தில் உங்களைப் பற்றி. குடும்பமாகக் கேட்கிற நேரத்தில் ஒலிக்க முடியாத சொல் இருந்தால் அதை நீக்கிய தனிப் பதிப்பு. முன்னிசை ஒரு நிமிடம் ஓடினால் வெட்டிவிடுங்கள். சிங்கப்பூர் ஒலி 96.8 ஜொகூர் பாருவில் தெளிவாகக் கேட்கும். அந்தக் கரைக்கும் அனுப்புங்கள்.

ஸ்பாட்டிஃபையில் போட்டு ஒரு மாதம். இருநூறு பேர்கூடக் கேட்கவில்லை. மனசே விட்டுப்போச்சு.
*– மூவார்*

அந்த இருநூறு பேரும் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் வந்து உட்கார்ந்தால் உங்களுக்குக் கை நடுங்கும். அவர்களைச் சின்னதாக நினைக்காதீர்கள்.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2024-லிருந்து, 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஒலிக்காத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பணம் தருவதில்லை. அதற்காக ‘பத்தாயிரம் ஸ்ட்ரீம் தருகிறோம்’ என்று வருகிறவர்களிடம் போய்விடாதீர்கள். போலி எண்ணிக்கை பிடிபட்டால் அபராதம் விநியோகிப்பவர் தலையில் விழும், அவர் உங்கள் பாட்டையே இறக்கிவிடுவார்.

அடுத்த பாட்டுக்கு இப்படிச் செய்யுங்கள். விநியோகிப்பவர் டிஸ்ட்ரோகிட்டோ டியூன்கோரோ வேறு எதுவோ, வெளியீட்டுத் தேதிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் பட்டியல் ஆசிரியர்களுக்குப் பாட்டை முன்வைக்கக் குறைந்தது 7 நாள் அவகாசம் வேண்டும். வெள்ளிக்கிழமை வெளியீட்டுக்கு வியாழன் இரவு ஏற்றினால் அந்த வாசல் மூடிவிடும். தலைப்பைத் தமிழ் எழுத்திலும், நம் பிள்ளைகள் கைப்பேசியில் தட்டுகிற ரோமன் எழுத்திலும் தேடக் கிடைக்கும்படி செய்யுங்கள். பாட்டின் மிக இனிமையான பதினைந்து நொடியை நிமிர்ந்த வீடியோவாக, வரிகளோடு போடுங்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் லிங்கைக் கொட்டிவிட்டு ஓடாதீர்கள். ஒருவருக்கு ஒரு செய்தி, பெயர் சொல்லி: ‘அக்கா, இரண்டாம் சரணம் உங்களுக்குப் பிடிக்கும்.’ கல்யாண வீடியோ எடுப்பவர், உருமி மேளக் குழுவினர், நடனம் சொல்லிக்கொடுப்பவர் – பாட்டைத் தங்கள் தொழிலுக்குத் தேடுகிறவர்கள் இவர்கள். மூவாரில் ஒரு நடனப் பள்ளி உங்கள் பாட்டுக்கு ஆண்டு விழாவில் ஆடினால் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் அத்தனை பேரும் அந்தப் பாட்டை ஒரு மாதம் வீட்டில் கேட்டாக வேண்டும்.

என் பாட்டு மற்றவர்கள் பாட்டைவிடச் சத்தம் குறைவாக இருக்கிறது.
*– உலு திராம்*

சத்தத்தை இழுத்து நசுக்காதீர்கள். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும். நசுக்கிய பாட்டு அங்கே குறைக்கப்பட்டு, உயிரில்லாமல் கேட்கும்.

மகன் இரவு இரண்டு மணி வரை காதில் ஹெட்போனோடு அறைக்குள்ளேயே இருக்கிறான். கேட்டால் ‘மிக்சிங்’ என்கிறான். திட்டுவதா, விட்டுவிடுவதா?
*– ஒரு தாய், பத்து பகாட்*

திட்ட வேண்டாம் அம்மா, ஆனால் காதைப் பற்றிக் கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் வரை பாதுகாப்பு என்கிறது. சத்தம் ஏற ஏற நேரம் மளமளவென்று குறையும். இரவு இரண்டு மணிக்குக் களைத்த காது இன்னும் இன்னும் என்று ஒலியைக் கூட்டச் சொல்லும். அந்த நேரத்தில் செய்த மிக்சிங் காலையில் கேட்டால் அவருக்கே பிடிக்காது. பன்னிரண்டுக்குள் படுக்கச் சொல்லுங்கள். பாட்டுக்கும் அதுதான் நல்லது.

இன்னொரு உதவி உங்களால் மட்டுமே முடியும். நீங்கள் சமைக்கும்போது அந்தப் பாட்டைக் கைப்பேசி ஸ்பீக்கரில் ஒரு தடவை போடச் சொல்லுங்கள். தாளிக்கிற சத்தத்துக்கு நடுவே எந்தச் சொல் உங்களுக்குப் புரியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். அந்த இடத்தில் குரலை ஏற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.