பரம ரகசியப் பொடிக்காரர்

கோடை பிறந்துவிட்டால் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். வாரம் ஐந்து நாளும் அலுவலகத்தில் எல்லோருக்கும் தலையாட்டுபவர், சனிக்கிழமை விடிந்ததும் கறுப்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு கொல்லைப்புறச் சக்கரவர்த்தி ஆகிவிடுவார். கையில் ஒரு கண்ணாடி ஜாடி. அதன் மேல் மண்டையோட்டுப் படம். கீழே ‘சாத்தானின் சாம்பல்’ என்று அவரே சூட்டிய திருநாமம். உள்ளே இருப்பதில் பாதி சர்க்கரை.

கறியில் தேய்க்கும் இந்தப் பொடியில் என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டால் போச்சு. சுற்றுமுற்றும் பார்ப்பார். “தாத்தா சாகும்போது என் காதில் மட்டும் சொன்னது” என்பார். தாத்தாவுக்கு யார் சொன்னது என்று கிளறினால், 1900களின் தொடக்கத்திலேயே அந்த ஊரில் புகைக்கறி விற்ற ஹென்றி பெரி வரைக்கும் வம்சாவளியை இழுத்துக்கொண்டு போவார்.

அந்தப் பரம ரகசியம் இதுதான்: அரைக் கப் பழுப்புச் சர்க்கரை, கால் கப் இனிப்பு பாப்ரிகா, இரண்டு மேசைக்கரண்டி உப்பு, மிளகுத்தூள், பூண்டுப்பொடி, வெங்காயப்பொடி ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி, கொஞ்சம் கடுகுப்பொடி. பக்கத்து வீட்டுக்காரரும் இதையேதான் தம் தாத்தாவிடமிருந்து பெற்றிருக்கிறார். பாப்ரிகா மிளகாய் வம்சம்தான். ஆனால் இந்த ஜாதி நிறத்தைக் கொடுக்குமே தவிர நாக்கைச் சுடாது. சாத்தானின் சாம்பலை மூன்று வயதுக் குழந்தையும் விரலால் தொட்டு நக்கலாம்.

பன்றி விலாக்கறியின் பின்பக்க ஜவ்வை உரித்து, கடுகு விழுது பூசி, அதன்மேல் பொடியைத் தூவும்போது அவர் முகத்தில் அர்ச்சகர் களை வந்துவிடும். அடுப்பு 225 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது. சூடு ஏறினால் சர்க்கரை கருகிக் கசந்துவிடும். அதனால் ஐந்தாறு மணி நேரம் ஹிக்கரி விறகுப் புகையில் தவம். மூடியைத் திறந்தால் சூடு போய்விடும், யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, கால் மணிக்கொரு தரம் தாமே திறந்து பார்ப்பார்.

விருந்தாளிகளில் ஒரு டெக்ஸஸ்காரர் இருந்துவிட்டால் ரத்த அழுத்தம் எகிறும். “உப்பும் மிளகும் போதுமே, கறிக்கு எதற்கு சர்க்கரை?” என்பார் அவர். மெம்ஃபிஸ்காரர் வந்தால் வேறு வம்பு: “பொடி போட்ட பிறகு எதற்கு சாஸ்?” இருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் உருளைக்கிழங்கு சாலட், பீன்ஸ், கோஸ் பச்சடி எல்லாம் செய்து மேசையை நிரப்பியிருப்பார் மனைவி. ஆனாலும் அன்றைய சமையல் ‘ஐயாவுடையது’.

கடைசி அரைமணியில் ஊர் வழக்கப்படி கெட்டியான தக்காளி சாஸை எடுத்துக் கறி முழுக்கப் பூசுவார். தாத்தாவின் ரகசியம் அதற்கடியில் அடக்கமாகிவிடும். பந்தியில் உட்கார்ந்தவர்கள் போதாதென்று இன்னும் ஊற்றிக்கொள்வார்கள். முதல் வாய் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்: “அபாரம்! இந்த சாஸ் எந்தக் கடையில் வாங்கினது?”

ஐயா சுற்றுமுற்றும் பார்ப்பார்.

“அது மட்டும் ரகசியம்.”