சுற்றும் திரை காவல் காக்குமா?

கேள்வி: எங்கள் சர்வர் அறையில் எட்டு கம்ப்யூட்டர்களுக்கும் சேர்த்து ஒரே கீபோர்டு, ஒரே மானிட்டர். அவற்றை இணைக்கும் கேவிஎம் சுவிட்சை, ஒவ்வொன்றின் திரையையும் தானாக மாற்றி மாற்றிக் காட்டும் ஆட்டோ ஸ்கேனில் போட்டுவிட்டால் கண்காணிப்புக்கு அது போதாதா?

பதில்: போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு 10 விநாடி வைத்தால் முழுச் சுற்றுக்கு 80 விநாடி. அதாவது, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் 70 விநாடி உங்கள் கண்ணிலேயே படாது. 5 விநாடியாகக் குறைக்கலாமே என்றால், பிழைச் செய்தியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த திரை வந்து நிற்கும். ரெசல்யூஷன் மாறும்போதெல்லாம் மானிட்டர் ஒரு கணம் கறுத்துவிட்டுத்தான் படம் காட்டும். இதைவிடப் பெரிய சிக்கல் நம் கவனம். ரேடார் திரையைப் பார்ப்பவர்களின் விழிப்பை ஆராய்ந்த பிரிட்டிஷ் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த், அரிதாக வரும் மாற்றத்தைக் கண்டுகொள்ளும் திறன் அரை மணி நேரத்திலேயே சரிந்துவிடுகிறது என்று 1948-இல் வெளியான ஆய்வில் காட்டினார். சுவிட்சுக்குச் சோர்வு கிடையாது, பார்ப்பவருக்கு உண்டு.

‘எங்களுடையவை பழைய கம்ப்யூட்டர்கள், எச்சரிக்கை அனுப்பும் சாஃப்ட்வேர் எதுவும் போட முடியாது’ என்பீர்கள். நியாயம்தான், அங்கே ஆட்டோ ஸ்கேன் கைகொடுக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே ரெசல்யூஷன் வையுங்கள். பார்ப்பவரை அரை மணிக்கொரு முறை மாற்றுங்கள். டைப் செய்யுமுன் ஸ்கேனை நிறுத்துங்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு அடித்த கட்டளை இன்னொன்றில் போய் விழக் கூடாது. மற்ற இடங்களில், கோளாறைச் சொல்லும் பொறுப்பை அந்தந்தக் கம்ப்யூட்டரிடமே ஒப்படையுங்கள். ஆட்டோ ஸ்கேன் நோட்டம் விடத்தான், காவலுக்கு அல்ல.