கோடைக்காலச் சம்பளம்

எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்திருக்கிறார்கள். ஒருவன் நான், இன்னொருத்தி என் மகள். நான் போனதை ஊருக்குத் தெரியாமல் மூடி மறைத்தார்கள். அவள் போகப்போவதை, விண்ணப்பத்தில் பெயர் எழுதுவதற்கு முன்பே ஊரைக் கூட்டிச் சொல்லியாயிற்று.

1986. கோயம்புத்தூரில் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து, ரிசல்ட் வரும்வரை வெட்டியாகக் கிடந்தவனை அப்பா கணபதியில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். “சும்மா இருக்கறதுக்கு அங்க போயி ஒக்காந்திருக்கட்டும்” என்பது அம்மாவுக்குச் சொன்ன காரணம். சொந்தக்காரர்களுக்குச் சொன்னது வேறு: பையன் டைப்ரைட்டிங் லோயர் படிக்கிறான். படிக்கிற பையன் பட்டறைக்குப் போகிறான் என்று தெரிந்தால், மார்க் வராது போல என்று பேசிவிடுவார்களாம். ஒரு விசேஷ வீட்டில் பெரியம்மா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, டைப் அடிச்சா வெரலெல்லாம் இப்படியா கறுக்கும்?” என்று கேட்டார். “ரிப்பன் மாத்துனானுங்க” என்றார் அப்பா, கண்ணை இமைக்காமல்.

எங்கள் ஊரில் மே மாதம் கிணறு வற்றும், வோல்டேஜ் இறங்கும், மோட்டார் கருகும். சூலூர், அன்னூர் பக்கமிருந்து டெம்போவில் மோட்டார்கள் வந்து இறங்கும். கூடவே தோட்டத்துக்காரரும் வந்து, “தென்னங்கன்னு காயுதுங்க” என்று வாசலிலேயே உட்கார்ந்துகொள்வார். என் வேலை, ஸ்டேட்டரின் ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் கருகிய காயிலை உளியால் வெட்டி, மறுபக்கத்திலிருந்து கம்பியை இழுத்து உருவுவது. கருகிய வார்னிஷ் நாற்றம் சோற்றில்கூட அடிக்கும். ஆனால் உருவுவதற்கு முன் எண்ண வேண்டும். வெட்டிய இடத்தில் கம்பி நுனிகளை ஒவ்வொன்றாக எண்ணி ஒரு ஸ்லாட்டில் எத்தனை சுற்று, காயில் எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது, கம்பி எத்தனை கேஜ் என்று பட்டறை மேஸ்திரியின் நோட்டில் எழுத வேண்டும். கேஜை அவரே பார்ப்பார். கம்பியைத் தீயில் காட்டி, எனாமலைத் துடைத்தெடுத்து, கேஜ் தகட்டின் வெட்டில் நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். எண்ணெய்ப் பிசுக்கேறிய அந்த நோட்டில், அந்த வட்டாரத்தில் ஓடுகிற எல்லா மோட்டாரின் ஜாதகமும் இருந்தது.

“எண்ணும்போது பேசாத தம்பி. நீ ஒரு சுத்தை உட்டீன்னா, அந்தத் தோட்டத்துக்காரரு நம்மளச் சுத்துவாரு.”

கருகிய காயிலை அவர் தொடாமலேயே படிப்பார். மூன்று ஃபேஸும் ஒரே மாதிரி கருகியிருந்தால் பாரம் தாங்கவில்லை. ஸ்டார் கனெக்ஷன் மோட்டாரில் இரண்டு ஃபேஸ் கரிக்கட்டையாகி, ஒன்று மட்டும் புதிதுபோல் பளபளவென்று இருந்தால், ஒரு லைன் போனது தெரிந்தோ தெரியாமலோ ஓட்டியிருக்கிறார்கள். “மூணு லைனும் இருந்துச்சுங்க, சாமி சத்தியமா” என்பார் தோட்டத்துக்காரர். மேஸ்திரி பதில் பேசாமல் ஸ்டேட்டரை அவர் பக்கம் திருப்பி வைப்பார். பின்னால் கல்லூரியில் இதையே ஒரு பேராசிரியர் கரும்பலகை நிறையச் சமன்பாடு போட்டு விளக்கினார். விடை எனக்கு வாசனையாகவே தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி 30 ரூபாய் கையில் எண்ணி வைப்பார். தினமும் டீயும் வர்க்கியும் தனி. இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டார் 1937-ல் இதே ஊரில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் செய்தது. இன்ஜினியரிங் படிப்பை வருஷக்கணக்கில் இழுக்க வேண்டியதில்லை என்று ஜி. டி. நாயுடு வெள்ளைக்காரனிடமே மல்லுக்கட்டியவர். அவருடைய ஊரில்தான் நான் டைப்ரைட்டிங் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

இப்போது இருப்பது அமெரிக்காவில், மேரிலாந்து. இங்கே ஒரு கோடை முடிவதற்குள் அடுத்த கோடைக்கான ஓட்டம் தொடங்கிவிடுகிறது. அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகம், பள்ளி மாணவர்களைத் தன் ஆய்வகங்களில் 8 வாரம் வைத்துக்கொள்ளும் ஒரு திட்டம் நடத்துகிறது. ஆகஸ்டில் விண்ணப்பம் திறக்கும், நவம்பர் 1-ல் மூடும். பெரும்பாலும், சேரும்போது 16 வயது ஆகியிருக்க வேண்டும். குடியுரிமை வேண்டும், க்ரீன் கார்டுக்காரர்களை ஒரு சில ஆய்வகங்கள் மட்டும் எடுக்கும். நாடு முழுக்க ஏறக்குறைய 300 இடங்கள். முதல் முறை போகிறவர்களுக்கு 4,000 டாலர், மறுபடி போனால் 4,500.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளி வாசலில் பெற்றோர்கள் இந்த விவரங்களையெல்லாம் மாப்பிள்ளை ஜாதகம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். 1984-ல் தொடங்கி, இப்போது எம்.ஐ.டி.யில் நடக்கும் ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்துவிட்டால் பயிற்சிக்கு ஒரு காசு கட்ட வேண்டாம், ஆனால் அங்கே இடம் கிடைக்கும் பிள்ளைகள் வேறு ஜாதி. ஸ்டோனி புரூக்கில் சைமன்ஸ் திட்டம் உதவித்தொகை தரும். கெய்தர்ஸ்பர்க் நிஸ்ட் ஆய்வகம் பள்ளிப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளும், பணம் தராது. எதுவும் கிடைக்காதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது கடைசி வழி: நாம் பணம் கட்டுவது. ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு, ஒரு பி.எச்.டி. மாணவரை ஜூமில் உட்கார வைத்து, சில மாதத்தில் பிள்ளையின் பெயரில் ஆராய்ச்சிக் கட்டுரை தயார் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் கிளம்பியிருக்கின்றன. கட்டுரையைப் போடவும் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பத்திரிகைகள் உண்டு. அப்படி ஓர் ஆலோசகரிடம் நாங்களும் பேசினோம். “உங்கள் மகளுக்கு எதில் தீராத ஆர்வம்?” என்று கேட்டார். “தூக்கத்தில்” என்றாள் என் மனைவி.

கடற்படைத் திட்டத்தில் மகளுக்கு இடம் கிடைத்தது, கார்டராக்கில். போட்டோமேக் ஆற்றுக்குப் பக்கத்தில், 1939-லிருந்து கப்பல் மாதிரிகளைத் தண்ணீரில் இழுத்துப் பார்க்கும் இடம். ஒரு கட்டடம் அரை மைலுக்கும் மேல் நீளம், உள்ளே நீளநீளமான தொட்டிகள். இன்னொன்றில் 216 பலகைகள் அசைந்து அசைந்து செயற்கைக் கடலையே உண்டாக்கும் குளம். வாட்ஸ்ஆப்பில் போட ஒரே ஒரு படம் கேட்டாள் என் மனைவி. உள்ளே படம் எடுக்கக் கூடாது. அந்தக் கோடையில் அவளுக்கு நேர்ந்த பெருந்துயரம் அதுதான்.

முதல் வாரமே மகள் ஒரு பேப்பர் நாப்கினில் கணக்குப் போட்டாள். 8 வாரம், வாரத்துக்கு 40 மணி, மொத்தம் 320. நாலாயிரத்தை வகுத்தால் மணிக்குப் பன்னிரண்டரை டாலர். மேரிலாந்தில் 2024-லிருந்து குறைந்தபட்சக் கூலியே 15. “அப்பா, பர்கர் கடையில நின்னா இதைவிட அதிகம்.”

“இது கூலி இல்ல அம்மிணி, உதவித்தொகை” என்றேன். மேஸ்திரி என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் மறுநாள் நான் போயிருக்க மாட்டேன்.

என்னதான் வேலை என்று கேட்டால் உற்சாகமாக ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒரு சென்சாரில் தெரிந்த எடையைத் தொங்கவிட வேண்டும், அது காட்டுகிற வோல்டேஜை எழுத வேண்டும், எடையைக் கூட்ட வேண்டும், எழுத வேண்டும், குறைக்க வேண்டும், எழுத வேண்டும். ஏற்றும்போது வந்த எண்ணும் இறக்கும்போது வந்த எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நடுவில் ஒரு எண்ணை எழுத விட்டுவிட்டு, சுமாராக ஊகித்துப் போட்டிருக்கிறாள். மேற்பார்வை பார்த்த விஞ்ஞானி அந்தப் பக்கம் முழுவதையும் அடித்துவிட்டு, “தெரியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடு” என்றாராம். “ரொம்ப போர்ப்பா” என்றாள். எனக்குப் பரம திருப்தி. மேஸ்திரிக்கு அமெரிக்காவிலும் ஒரு கிளை இருக்கிறது!

பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மேஸ்திரி 30 ரூபாய் கொடுத்தார், அதனால் என்னைத் திட்டினார். கடற்படை 4,000 டாலர் கொடுத்தது, அதனால் என் மகளின் பக்கத்தை அடித்தது. நாம் பணம் கட்டிச் சேர்க்கிற இடத்தில் பிள்ளையை யார் திட்டுவார்கள்? அங்கே அது வாடிக்கையாளர். அது எழுதியதெல்லாம் அருமை, ஊகித்ததெல்லாம் கண்டுபிடிப்பு. அதற்காக எல்லோரையும் வைண்டிங் பட்டறைக்கு அனுப்பச் சொல்லவில்லை. வறுமையால் அங்கே வந்து, பள்ளி திறந்த பிறகும் அங்கேயே நின்றுவிட்ட பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது அனுபவம் இல்லை, பிழைப்பு.

பணம் தரும் இடங்களும் நிலையில்லை. 2025-ல் பெதஸ்டாவிலுள்ள அரசு மருத்துவ ஆய்வு நிறுவனமான என்.ஐ.எச். தன் கோடைப் பயிற்சித் திட்டத்தையே ரத்து செய்தது. எங்கள் தெருவில் அதை நம்பியிருந்த பையன் ஒருவன் நீச்சல் குளத்தில் லைஃப் கார்டு வேலைக்குப் போனான். அவன் அப்பாவுக்கு மட்டும் பணம் கட்டும் திட்டங்களின் விளம்பரங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நல்லவேளை, அவர் எதற்கும் கட்டவில்லை.

இங்கே பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு ஆய்வகத்துக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது கேட்டால் அது வேறு கடை. விண்ணப்பக் கட்டுரையை மட்டும் தயவுசெய்து பிள்ளையே எழுதட்டும், நீங்கள் உட்கார்ந்து திருத்தாதீர்கள்.