கருப்பூர் நாற்காலி

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பிள்ளைகள் உள்ளூர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ., பி.எஸ்சி. படித்தால், பட்டத்தில் விழும் முத்திரை சேலத்துக்கு அருகே கருப்பூரில் இருக்கிறது. பெரியார் பல்கலைக்கழகம். 1997 செப்டம்பர் 17, பெரியார் பிறந்த நாளில் தொடங்கியது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என நான்கு மாவட்டங்களுக்கும் அதுதான் வாசல்.

ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர். கருப்பூர் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்த ஒரு பெண், சான்றிதழ் வேலையாகச் சேலம் பஸ் ஏறினால் கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் கணவாய் எல்லாம் தாண்ட வேண்டும். ஒரு நாள் சம்பளம் போச்சு. டிக்கெட் காசு தனி. மகளிர் இலவசப் பயணம் டவுன் பஸ்ஸோடு சரி. பட்டம் வாங்கப் போகிற பஸ்ஸுக்குக் கிடையாது.

அவ்வளவு தூரம் போகிறவள் துணைவேந்தர் நாற்காலியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம். ஆள் இருந்தால் வழக்கு. ஆள் இல்லாவிட்டால் குழு.

2022 ஜூலையில் முதுகலை வரலாற்றுத் தேர்வில் ஒரு கேள்வி கேட்டார்கள். தமிழ்நாட்டின் தாழ்ந்த சாதி எது? நான்கு சாதிப் பெயர்கள் கொடுத்து, சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பெரியார் பெயர் அச்சிட்ட தாளில். கேட்டதற்கு, கேள்வித்தாளை வெளியார் தயாரித்தார்கள், கசிந்துவிடக் கூடாது என்று நாங்கள் முன்கூட்டிப் படிப்பதில்லை என்றார் துணைவேந்தர். நல்ல பாதுகாப்பு. ரகசியம் காப்பாற்றப்பட்டது, மானம்தான் கசிந்தது.

அடுத்த ஆண்டு ஜூன் 28. பட்டமளிப்பு விழா. வேந்தரான ஆளுநர் ஆர்.என்.ரவி வருகிறார். சுற்றறிக்கை பறந்தது: யாரும் கறுப்பு உடையில் வரக் கூடாது. கடைசி வரை கறுப்புச் சட்டையோடு ஊர் ஊராய்ச் சுற்றிய கிழவரின் பெயர் நுழைவாயிலில். அந்தச் சட்டை உள்ளே வரத் தடை. அவரே வந்திருந்தாலும் மாற்றுச் சட்டை வாங்கி வரச் சொல்லியிருப்பார்கள். ஊரே காறித் துப்பிய பிறகு சுற்றறிக்கையை வாபஸ் வாங்கினார்கள். இதே பல்கலைக்கழகத்தில், பெரியாரைப் பற்றிப் புத்தகம் எழுதிய பேராசிரியர் ஒருவருக்கு, அனுமதி வாங்காமல் எழுதியது ஏன் என்று மெமோ.

2023 டிசம்பர் 26. துணைவேந்தர் ஜெகநாதன் கைது. அரசு அனுமதியின்றிப் பல்கலைக்கழகத்தின் பேரிலேயே தனி நிறுவனம் தொடங்கினார் என்பது புகார். கேள்வி கேட்ட ஊழியர் சங்கத்தாரைச் சாதியைச் சொல்லித் திட்டினார் என்பது இன்னொன்று. விடிவதற்குள் ஜாமீன். குற்றம் உண்டா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை. நம் கேள்வி அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. இரண்டு வாரம் கழித்து ஆளுநர் அதே வளாகத்துக்கு வந்தார். 2024 ஜூன் 30ல் முடிய வேண்டிய பதவிக்காலத்தை 2025 மே 19 வரை நீட்டித்தார். ஊக்கத்தொகை என்று இதைச் சொல்லக் கூடாதாம், நிர்வாகத் தேவையாம்.

ஆளுநரைச் சொன்னதும் கைதட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இந்த வியாபாரம் ரவி வந்து தொடங்கியதல்ல. முந்தைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித், பஞ்சாபுக்குப் போன பிறகு, 2022 அக்டோபரில் ஒரு குண்டு போட்டார். தமிழ்நாட்டில் துணைவேந்தர் பதவி 40, 50 கோடிக்கு விற்கப்பட்டதாம். அப்போது இங்கே வேந்தர் யார்? அவரேதான். எத்தனை பேரைப் பிடித்துக் கொடுத்தார் என்று கேட்காதீர்கள். ஏலத்தொகை வரை அவருக்குத் தெரிந்திருந்தது. ஏலம் எடுத்தவர் பெயர் மட்டும் இன்று வரை வாயில் வரவில்லை. அன்று ஆண்ட அ.தி.மு.க.வும் விற்றது யார் என்று கேட்கவில்லை. இன்று சமூகநீதி பேசுகிற தி.மு.க.வும் பழைய கோப்பைப் பிரிக்கவில்லை. 40 கோடி என்பது ஓசூரில் ஒரு கல்லூரி கட்டும் காசு.

பிறகு வந்தது துணைவேந்தரைத் தேடும் குழுவுக்கான சண்டை. குழுவில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஆள் வேண்டும் என்றார் ஆளுநர். கூடாது என்றது அரசு. தேடுகிறவர்களைத் தேடுவதிலேயே வருஷங்கள் போயின. நியமன அதிகாரத்தை அரசுக்கே மாற்றும் மசோதாவைச் சட்டமன்றம் 2022 ஏப்ரலில் நிறைவேற்றியது. ஆளுநர் கிடப்பில் போட்டார், 2023 நவம்பரில் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றினார்கள். குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8ல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றது. மே 21ல் சென்னை உயர் நீதிமன்றம் நியமனப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. ஜெகநாதன் இறங்கியிருந்தது அதற்கு இரண்டு நாள் முன்புதான். கருப்பூரைக் குழுவின் கையில் கொடுத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டிலேயே தலையில்லாமல் போயிருந்தது.

இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளியில், ஸ்கூட்டர் ஆலைக்கு 2020 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த டிசம்பரில் வண்டி வாடிக்கையாளர் கைக்குப் போனது. முதலாளிக்கு என்றால் ஒற்றைச் சாளரம். ஐநூறு ஏக்கர் ஆலை ஒரு வருடத்தில் எழும்பும். துணைவேந்தர் என்றால் ஆளுநர் மாளிகை, கோட்டை, யு.ஜி.சி., உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஐந்து சாளரம். ஐந்திலும் பூட்டு. ஆலைக்குக் கை வேண்டும், அதற்கு அவசரம். அந்தக் கைக்குச் சொந்தக்காரி படிக்க வேண்டும் என்பதில் யாருக்கு என்ன அவசரம்?

ஆளுநர், அரசு என இரண்டு தரப்பும் சொல்வது ஒரே வார்த்தை: மாணவர் நலன். அந்த நலனுக்காக இரண்டு தரப்பும் வக்கீல் வைத்திருக்கின்றன. இரண்டு வக்கீலுக்கும் ஃபீஸ் நம் வரிப்பணம். மாணவருக்குத்தான் வக்கீல் இல்லை.

ஓட்டுக் கேட்டு ஓசூருக்கு வருகிறவர்கள் விமான நிலையம் தருவோம் என்பார்கள். தரட்டும். வண்டியை விட்டு இறங்கியதும், எங்கள் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் எந்தத் தேதியில் என்று கேளுங்கள். தேதியைச் சொன்ன பிறகு மாலை போடுங்கள்.