பைரன் கைவிட்டார், வேர்ட்ஸ்வொர்த் தூக்கிவிட்டார்

கேள்வி: மனசு சரியில்லாதபோது புத்தகம் படித்தால் தேறலாம் என்கிறார்களே, அப்படி உண்மையிலேயே தேறியவர் யாராவது உண்டா?

பதில்: உண்டு. அதுவும் கவிஞர் இல்லை. தர்க்கத்திலேயே வளர்ந்த ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில்!

மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன் என்று அப்பா ஜேம்ஸ் மில்லே வீட்டில் பாடம் நடத்தினார். விடுமுறை கிடையாது. 1826-ல், இருபது வயதில், மகன் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: நாம் விரும்பும் சீர்திருத்தங்கள் எல்லாம் இந்த நொடியே நடந்துவிட்டால் நமக்கு மகிழ்ச்சி வருமா? ‘வராது’ என்றது உள்மனம். ஆள் இடிந்துபோனார். அவர் பார்த்துவந்த கிழக்கிந்தியக் கம்பெனி வேலை மட்டும் இயந்திரம்போல ஓடியது.

முதல் வெளிச்சம் மார்மொன்டெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக் குறிப்புகளில் கிடைத்தது. தந்தையை இழந்த சிறுவன், குடும்பத்துக்கு இனி எல்லாம் நானே என்று உறுதிகொள்ளும் இடம். படித்த மில்லுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நமக்கு இன்னும் அழ வருகிறதே என்பதிலேயே பாதி பாரம் இறங்கியது.

அடுத்து ஆங்கிலக் கவிஞர் பைரனைப் பிடித்தார். பைரனோ இவரைப்போலவே சோர்ந்திருந்தார்! சோர்ந்தவரிடம் சோகக் கவிதையை நீட்டும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1828-ல் இன்னொரு கவிஞர், வேர்ட்ஸ்வொர்த் வாய்த்தார். அவர் கவிதைகளில் மலைகள், கிராமத்து மனிதர்கள், அவற்றைக் கண்டு நெகிழும் மனம். அறிவைப்போல உணர்வையும் பழக்கி வளர்க்க வேண்டும் என்பது மில்லுக்கு அப்போது உறைத்தது.

இதையெல்லாம் ஒளிக்காமல் சுயசரிதையில் எழுதிவைத்தார். அவர் மறைந்த 1873-லேயே அது வெளிவந்தது. ஐந்தாம் அத்தியாயத்தை மட்டுமாவது அவசியம் படியுங்கள்.