கோலம் விழாத வாசல்கள்

உடையார்பாளையத்தில் எங்கள் தெருவில் கோலம் விழாத வாசல்கள் வருடத்துக்கு வருடம் கூடுகின்றன. ஒரு வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். இன்னொருவர் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். நான் சிங்கப்பூரில். மூன்றுமே எங்கள் அப்பாக்கள் கனவிலும் கண்டிராத வீடுகள். தேக்கு நிலை, கிரானைட் தரை, மாடியில் கண்ணாடிக் கைப்பிடி, வாசலில் ஆள் உயர இரும்புக் கேட். மூன்றிலும் வருடத்தில் பெரும்பகுதி ஆள் இருந்ததில்லை. வாசல் தெளித்திருக்கிறதா, கேட்டில் செருகிய நோட்டீஸ் அப்படியே கிடக்கிறதா, பகலிலும் வெளிவிளக்கு எரிகிறதா, பூட்டின்மேல் தூசி படிந்திருக்கிறதா என்று திருட வருகிறவன் பார்க்கிறான். தெருவில் ஒரு தரம் வண்டியில் போய் வந்தாலே அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

நான் வளர்ந்த வீடு இதே மனையில்தான் இருந்தது. நாட்டு ஓடு, மண்சுவர், சுண்ணாம்புப் பூச்சு. முன்னால் நீளத் திண்ணை, கொல்லைப்பக்கம் படல். கதவுக்கு உள்ளே குறுக்குக்கட்டை, வெளியே ஒரு நாதாங்கி. திண்டுக்கல் பூட்டு ஒன்று இருந்தது. கையில் எடுத்தால் அரைப்படி அரிசி கனம் கனக்கும். குலதெய்வம் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ வீட்டோடு கிளம்பினால்தான் அது மாடக்குழியை விட்டு வெளியே வரும். பூட்டிய கையோடு அம்மா சாவியை எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் கொடுப்பார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் விளக்கேற்றவும் அவர்தானே உள்ளே போகவேண்டும்.

அந்தக் காலத்தில் களவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கன்னம் வைப்பது உண்டு. மண்சுவரின் அடியில் கன்னக்கோலால் ஆள் நுழையும் அளவுக்குத் துளை போட்டு, அண்டா குண்டான்களையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு போவார்கள். முந்திரிக் காலத்தில் காய வைத்த கொட்டை குறையும். ஆடு காணாமல் போகும். இருந்தாலும் எங்கள் தெருவுக்குள் ஒருவன் நுழைந்து வெளியேறுவது லேசான காரியம் இல்லை. பங்குனி, சித்திரைப் புழுக்கத்தில் ஆண்கள் எல்லோரும் திண்ணையில்தான் படுப்பார்கள். நெசவாளர் வீடுகளில் முகூர்த்தச் சேலைக்குக் கெடு நெருங்கினால் நடுநிசி தாண்டியும் குழித்தறி ஓடும். தாத்தாக்களுக்கு இருமல், குழந்தைகளுக்கு அழுகை, மாட்டுக்கு மணி. தெருவில் எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் விழித்திருந்தார்.

அவர்களோடு தலையாரியும் இருந்தார். கையில் தடி, காதில் பீடித் துண்டு. ஊருக்குப் புதிதாக ஒரு முகம் வந்தால், ‘யார் வீட்டுக்கு வந்தீங்க?’ என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பதில் சரியாக வராவிட்டால் கூடவே நடப்பார்.

எங்கள் ஊருக்குக் காவல் என்பது பழைய சங்கதி. இது ஒரு காலத்தில் பாளையத்தின் தலைநகரம். பாளையக்காரர் காலத்தில் படிகாவல், திசைகாவல் என்று இரண்டு உண்டு. படிகாவல் ஊருக்குள், திசைகாவல் வட்டாரத்துக்கும் பாதைகளுக்கும். குடிகள் அதற்குத் தானியமாகவும் பணமாகவும் செலுத்தினார்கள். காவலுக்குப் பொறுப்பேற்றவர் களவு போன பொருளை மீட்டுத் தரவேண்டும். முடியாவிட்டால் தன் கையிலிருந்து ஈடுகட்டவேண்டும். காவல் கூலி தராத ஊரில் காவல்காரனே கை வைத்ததும் நடந்திருக்கிறது. அந்த முறையைக் கும்பெனி ஆட்சி ஒழித்தது, ஜமீனை 1948-ஆம் வருடச் சட்டம் ஒழித்தது. கர்ணம், மணியக்காரர் ஆகிய பரம்பரைப் பதவிகளை 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. தலையாரி பின்னால் கிராம உதவியாளர் ஆகி, தாலுகா ஆபீஸ் காகிதங்களைச் சுமக்கப் போனார். பிறப்பால் வரும் பதவி போனது சரிதான். அது திரும்பி வர வேண்டாம். களவு போனால் ஈடுகட்டுகிற அந்தப் பொறுப்பு மட்டும் பிறகு யார் கைக்கும் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆள் இல்லாத வீட்டுக்கு என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் தாலுகாவிலேயே சாட்சி இருக்கிறது. ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயில் சோழர் காலத்துக் கற்றளி. அந்தச் சுவரில் எவன் கன்னம் வைக்க முடியும்? ஆனால் பூசை நின்று, கதவு பூட்டியே கிடந்தது. தெரிந்தவர் யாரும் உள்ளே போகவில்லை. 2006-இல் திருடர்கள் போனார்கள். ஒரே இரவில் அள்ளவில்லை. அவசரம் என்ன இருக்கிறது, யார் வரப்போகிறார்கள்? பல தடவை வந்து எட்டுச் செப்புத் திருமேனிகளைக் கொண்டுபோனார்கள். வெளியே பார்க்கிறவர் கண்ணுக்குக் கதவு பூட்டியே இருந்தது. சிலைகளைப் பத்திரமான இடத்துக்கு மாற்ற 2008-இல் அதிகாரிகள் வந்து திறந்தபோதுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அதே வருடம் பக்கத்துச் சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலிலும் களவு போனது.

ஸ்ரீபுரந்தான் நடராஜர் நியூயார்க்கில் பழம்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரின் கடைக்குப் போனார். அங்கிருந்து 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதே கோயில் அம்பாள் போன இடம்தான் என்னை உலுக்கியது. 2007-இல் சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகம் அவளை அதே கடையில் 6,50,000 டாலருக்கு வாங்கியிருந்தது. அந்த அருங்காட்சியகம் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காச் சந்தையில் சாமான் வாங்கிவிட்டு நாங்கள் காற்று வாங்க உட்காரும் கரை அது. ஊரில் எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது, பக்கத்து ஊர் கோயிலும் பூட்டிக் கிடந்தது, இரண்டு இடத்தையும் விட்டு வந்தவர்கள் ஒரே ஆற்றங்கரையில் இருந்திருக்கிறோம். விஷயம் வெளியே வந்தபின் அருங்காட்சியகம் 2015-இல் அம்பாளைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. நடராஜரை அதற்கு முந்தைய வருடம் செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லியில் ஒப்படைத்தார்.

மீட்சிக்கு முக்கியமான சாட்சி ஒரு புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994-இல் அந்தக் கோயிலுக்கு வந்து நடராஜரைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படம் இல்லையென்றால், இது எங்கள் சாமிதான் என்று எந்த ஊர்க்காரர் போய் நின்று நிரூபித்திருக்க முடியும்? காணாமல் போன சிலைகளை இப்படிப் படங்களோடு ஒப்பிட்டுத் தேடியவர்களில் முக்கியமானவர் எஸ். விஜய்குமார். சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே அதைச் செய்தவர். ஊரை விட்டு வெகுதூரத்தில் இருந்துகொண்டும் ஊருக்குக் காவல் இருக்கலாம் என்று எனக்குத் தைரியம் தந்தவர் அவர்தான். கபூர் 2011-இல் ஜெர்மனியில் பிடிபட்டு அடுத்த வருடம் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். சுத்தமல்லிக் களவு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்து வருடச் சிறைத் தண்டனை விதித்தது. திரும்பி வந்த நடராஜர் ஸ்ரீபுரந்தானுக்குப் போகவில்லை. கும்பகோணம் திருமேனிப் பாதுகாப்பு மையத்துக்குத்தான் போனார்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அம்மா காலமானபின் நானும் எல்லோரையும் போலக் கேமரா மாட்டினேன். வாசலில், மாடிப்படியில், கொல்லையில். அசைவு தெரிந்தால் போன் அதிரும். பூனை தாண்டினாலும் அதிரும், முருங்கைக் கிளை ஆடினாலும் அதிரும். கேமராவை நான் குறை சொல்லவில்லை. சென்னைப் போலீஸ் ‘மூன்றாவது கண்’ என்று தெருத்தெருவாக மாட்ட வைத்ததில் எத்தனையோ வழக்குகளில் துப்புக் கிடைத்திருக்கிறது. ஆனால் கரண்ட் போனால் இன்டர்நெட் பெட்டி நின்றுவிடும். அதற்குத் தனி இன்வெர்ட்டர் வேண்டும். முகத்தில் துணி கட்டி வருகிறவனுக்குக் கேமராவால் பெரிய பயம் இல்லை. போகும்போது ஹார்ட் டிஸ்க் பெட்டியைக் கழற்றிக்கொண்டு, மோப்ப நாய்க்கு மிளகாய்ப்பொடியையும் தூவிவிட்டுப் போகிறவர்களைப் பற்றிப் பேப்பரில் படிக்கிறோம்.

ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்குப் போன் அதிர்ந்தது. ஊரில் அப்போது இரவு இரண்டு மணி. கேட்டுக்கு உள்ளே ஒருவன் குனிந்து நின்றான். கையில் கம்பி மாதிரி ஏதோ இருந்தது. சிங்கப்பூரிலிருந்து 100-ஐ அழுத்தினால் அரியலூர்ப் போலீஸ் எடுக்காது. ஸ்டேஷனின் லேண்ட்லைன் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு போனில் வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தேன். எடுத்தார்கள், ரோந்து வண்டியை அனுப்புவதாகவும் சொன்னார்கள். பேசிக்கொண்டே திரையைப் பார்க்கிறேன். எதிர்வீட்டு விளக்கு எரிகிறது. பெரியம்மா வாசலுக்கு வந்து நிற்கிறார். கேமராவில் குரல் கேட்கவில்லை. அவர் கை நீட்டி ஏதோ கேட்பது தெரிகிறது. உள்ளே இருந்தவன் மதிலேறிக் கொல்லைப்பக்கம் குதித்துவிட்டான். அதற்குள் இன்னும் இரண்டு வீட்டில் விளக்கு எரிந்தது.

காலையில் பேசினேன். “நாய் ஒரு மாதிரி கொலச்சுச்சு தம்பி,” என்றார். “பூனைக்குக் கொலைக்கிற மாதிரி இல்ல. அதான் லைட்டப் போட்டுட்டு வந்து, யார்றா அதுன்னு கேட்டேன்.”

“ஏன் பெரியம்மா தனியா வெளிய வந்தீங்க? கையில கம்பி வெச்சிருந்தான்.”

“என் வீட்டு வாசல்ல நான் நிக்கறதுக்கு எவனக் கேக்கணும்?”

பெரியம்மாவுக்கு எண்பது வயதாகப்போகிறது. அவரும் இல்லாமல் போனால் அந்த வரிசையில் எந்த விளக்கு எரியும் என்ற கேள்வி அன்று முழுவதும் என்னை விடவில்லை.

அடுத்த விடுமுறைக்குப் போனபோது சில காரியங்களைச் செய்தேன். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிற எல்லோருக்கும் இவற்றைச் சொல்ல விரும்புகிறேன். வீட்டில் இருந்த கொஞ்ச நகையும் பேங்க் லாக்கருக்குப் போனது. 2022 ஜனவரி முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, லாக்கர் களவு போனாலோ தீப்பிடித்தாலோ வருட வாடகையைப் போல் நூறு மடங்கு வரை பேங்க் பொறுப்பு. பழைய படிகாவலின் ஈடு கொஞ்சமாவது இங்கே இருக்கிறது. நகை ஒவ்வொன்றையும், பித்தளைப் பாத்திரங்களையும், பாட்டியின் குத்துவிளக்கையும்கூட முன்னும் பின்னும் படம் எடுத்தோம். எடை, அடையாளம், எழுத்து வெட்டியிருந்தால் அதுவும் குறித்தாயிற்று. ஸ்ரீபுரந்தான் படம் சொல்லிக் கொடுத்த வேலை அது. வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் பாலிசியைப் பிரித்துப் படிக்க வேண்டும். பல பாலிசிகளில் வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால், முன்கூட்டிச் சொல்லாத பட்சத்தில், களவுக்கு ஈடு கிடையாது. வெளிநாட்டுக்காரனுக்கு மிக முக்கியமான வரி அதுதான். அது சின்ன எழுத்தில் இருக்கும்.

ஸ்டேஷனுக்கும் போய்ப் பூட்டிய வீடு என்று எழுதிக் கொடுத்தேன். இரவு ரோந்தில் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள், அக்கறையாகத்தான் பேசினார்கள். “எத்தனை நாளைக்கு சார் பூட்டியிருக்கும்?” என்று எழுத்தர் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவருக்கும் திருப்பதிக்குப் போகிறவருக்கும் கேட்கிற கேள்வி அது. அடுத்த வருடம் சித்திரை வரைக்கும் என்றேன். அவ்வளவு நாளும் ஒரு வீட்டைப் போலீஸ் வந்து பார்த்துக்கொண்டே இருக்க முடியாது. அவர் சொல்லாமலே எனக்கும் புரிந்தது.

ஆகவே குடிவைத்தேன். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பள்ளி ஆசிரியர் குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். வாடகை அதிகம் கேட்கவில்லை. என் சாமான்களை மாடி அறை ஒன்றில் அடுக்கிப் பூட்டிவிட்டுக் கீழ்வீடு முழுவதையும் கொடுத்துவிட்டேன். சொந்தக்காரர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. இழைத்து இழைத்துக் கட்டிய வீட்டில் ஆணி அடிப்பார்கள், சுவரில் கிறுக்குவார்கள், நாளைக்குக் காலி பண்ண மாட்டார்கள் என்றார்கள். அதற்காகத்தான் பதினோரு மாத ஒப்பந்தம் இருக்கிறது, பக்கத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். கிறுக்கினால் வெள்ளையடித்துக்கொள்ளலாம். நான் கப்பல் பட்டறையில் வேர்வை சிந்திக் கட்டிய வீட்டில் ஒரு அடுப்பு எரியவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். குவைத்துக்காரரிடமும் பேசியிருக்கிறேன். அவருடைய கீழ்வீட்டுக்கும் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

குடிவந்த வாரத்தில் ஆசிரியரின் மனைவி போன் செய்தார். “அண்ணே, தப்பா நினைக்காதீங்க. வாசல் கேமரா நடு ஹால் வரைக்கும் காட்டுதுன்னு எலெக்ட்ரீஷியன் சொன்னாரு. வீட்டுல பொம்பளப் புள்ள இருக்கு.”

நியாயமான பேச்சு. அன்றைக்கே அதைக் கழற்றித் தெருவைப் பார்த்து மாட்டச் சொன்னேன். கடவுச்சொல்லை மாற்றி அவர்கள் கையிலேயே கொடுத்தாயிற்று. என் போனில் இப்போது அந்த வீடு தெரிவதில்லை. ஏதாவது என்றால் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். கடைசியாகக் கூப்பிட்டது மோட்டார் ரிப்பேருக்கு.