தங்கக் கத்தியும் பீங்கான் தலையும்

வாசகர், தஞ்சாவூர்: கொலைக் கதை எழுதினால்கூட விருது தருகிறார்களாமே, நிஜமா?

நிஜம். அதுவும் எண்பது வருஷமாக! அமெரிக்க மர்மக் கதை எழுத்தாளர்கள் 1945இல் சங்கம் சேர்த்தார்கள். அடுத்த வருஷமே விருது கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். துப்பறியும் கதைக்குப் பிள்ளையார் சுழி போட்ட எட்கர் ஆலன் போவின் பெயரில் 'எட்கர்' விருது. ஜெயித்தவர் கையில் போவின் தலையைச் சின்னப் பீங்கான் சிலையாகக் கொடுப்பார்கள். போ வறுமையில் உழன்று நாற்பது வயதில் இறந்துபோனவர். அவர் தலை இன்று எத்தனையோ எழுத்தாளர் வீட்டு அலமாரிகளில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

வாசகி, கரூர்: முதல் எட்கர் யாருக்கு?

1946இல் ஜூலியஸ் ஃபாஸ்ட் என்பவரின் முதல் நாவலுக்கு. 'சிறந்த நாவல்' என்ற பரிசு 1954இல்தான் வந்தது. அதை முதலில் வாங்கியவர் சார்லட் ஜே என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி. அடுத்த வருஷம் ரேமண்ட் சாண்ட்லர். அதாவது, பெயர் பெற்றவர்களின் நாவல்கள் எட்டு வருஷம் காத்திருக்க, புதிதாக எழுத வந்தவருக்கு முதல் பந்தி. இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், விருத்தாசலம்: அகதா கிறிஸ்டிக்கு ஏதாவது கொடுத்தார்களா?

அமெரிக்கச் சங்கம் 1955இல் 'கிராண்ட் மாஸ்டர்' பட்டத்தை உண்டாக்கியதும் முதலில் கொடுத்தது அவருக்குத்தான். 2013இல் பிரிட்டிஷ் க்ரைம் எழுத்தாளர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டபோது எக்காலத்துக்கும் சிறந்த க்ரைம் எழுத்தாளர் அவரே என்று முடிவாயிற்று. சிறந்த நாவலாக வந்ததும் அவருடைய ரோஜர் அக்ராய்டு கொலைக் கதைதான். அவர் பெயரிலேயே அமெரிக்காவில் ஒரு விருதும் உண்டு. ரத்தம் அதிகம் சிந்தாத, சின்ன ஊர்க் கொலைக் கதைகளுக்கானது. பரிசு, ஒரு தேநீர்க் குடுவை.

வாசகர், ஈரோடு: இங்கிலாந்தில் கத்தியைப் பரிசாகத் தருகிறார்களாம். அபசகுனம் இல்லையோ?

க்ரைம் எழுத்தாளருக்கு அதைவிட நல்ல சகுனம் ஏது? கத்தி தருவது, ஜான் கிரீசி 1953இல் தொடங்கிய க்ரைம் எழுத்தாளர் சங்கம். 1955இல் கொடுத்த முதல் பரிசு வின்ஸ்டன் கிரகாமுக்கு. ஹிட்ச்காக் பின்னால் படமாக்கிய 'மார்னி'யை எழுதியவர் இவர்தான். அப்போது விருதின் பெயரே வேறு. வாசகரைத் திசைதிருப்பப் போடும் பொய்த் தடயத்தைக் குறிக்கிற பெயர். 1960இல் அது 'கோல்ட் டாகர்', தங்கக் குத்துவாள் ஆயிற்று. லயனல் டேவிட்சன் மூன்று முறை வாங்கினார். ரூத் ரெண்டல் நான்கு முறை. அதில் இரண்டு, பார்பரா வைன் என்ற இன்னொரு பெயரில் எழுதியவற்றுக்கு.

கல்லூரி மாணவர், மதுரை: இந்தியாவில் நடக்கிற கதை எதுவும் ஜெயித்ததில்லையா?

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். 1964இலேயே தங்கக் குத்துவாளை ஜெயித்தது. எழுதியவர் எச்.ஆர்.எஃப். கீட்டிங் என்ற ஆங்கிலேயர். 'தி பெர்ஃபெக்ட் மர்டர்' என்ற அந்த நாவலில் அடிபட்டுக் கிடப்பவரின் பெயரே மிஸ்டர் பெர்ஃபெக்ட், ஒரு பார்சிக்காரர். துப்பறிபவர் பம்பாய் போலீஸ் இன்ஸ்பெக்டர் கணேஷ் கோட்டே. பயந்த சுபாவம், மேலதிகாரியிடம் திட்டு வாங்குகிறவர், ஆனால் உண்மையை விடமாட்டார். கீட்டிங் அதுவரை பம்பாயை மிதித்ததே இல்லை. புத்தகம், வரைபடம், பத்திரிகை இவற்றை வைத்தே எழுதினார். விமானம் ஏறி வந்து இறங்கியது ஏறக்குறைய பத்து வருஷம் கழித்துத்தான்.

அந்த நாவலை நான் நேசிக்கிறேன். கோட்டேயின் கூச்சம் அசல். ஆனாலும் அந்தப் பம்பாயில் வியர்வை நாற்றம் கொஞ்சம் குறைவுதான். அதனால்தான் பிறகு நடந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1919இன் கல்கத்தாவை எழுதிய அபீர் முகர்ஜிக்கு 2017இல் சரித்திர க்ரைம் நாவலுக்கான குத்துவாள். 2021இல் அதே குத்துவாள் வசீம் கானுக்கு. இவர் லண்டனில் பிறந்து, பத்து வருஷம் இந்தியாவில் வேலை பார்த்தவர். இவருடைய நாயகி பெர்சிஸ் வாடியா, சுதந்திரம் வந்த கையோடு பம்பாய் போலீஸில் சேர்ந்த பெண் இன்ஸ்பெக்டர். சுஜாதா மாஸி 1921இன் பம்பாயில் ஒரு பார்சிப் பெண் வக்கீலைத் துப்பறிய விட்டு அமெரிக்காவில் அகதா விருது வாங்கினார். லண்டனில் உட்கார்ந்து கற்பனை செய்த இந்தியாவுக்குள், இந்த மண்ணின் ரத்தபந்தமோ பழக்கமோ உள்ளவர்கள் நுழைய அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி: மொழிபெயர்ப்பை மதிக்கிறார்களா?

மதித்தார்கள், நடுவில் ஒரு கதவையும் சாத்தினார்கள். 2005இல் தங்கக் குத்துவாள் ஐஸ்லாந்துக்காரர் அர்னால்துர் இந்திரிதாசனுக்குப் போனது. அடுத்த வருஷமே, அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டு, மொழிபெயர்ப்புக்குத் தனிக் குத்துவாள் வைத்தார்கள். ஒரே பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பி, பக்கத்து அறையில் இலை போட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. இன்றும் அது தவறென்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பக்கத்து அறையில் ஒரு நல்ல காரியம் நடக்கிறது: பரிசில் மொழிபெயர்ப்பாளருக்கும் பங்கு உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ரெட் வர்காஸ் அங்கே நான்கு முறை ஜெயித்தார். 2025இல் ஜப்பானின் அகிரா ஓட்டானி.

வாசகர், திருநெல்வேலி: பரிசுக்குப் புத்தகத்தை யார் தேர்ந்தெடுப்பது?

எட்கருக்கு, சங்கத்து எழுத்தாளர்களே பிரிவுக்கு ஒரு குழுவாக உட்கார்ந்து வந்து குவிகிற புத்தகங்களைப் படிக்கிறார்கள். 'அந்தோணி' விருதுக்கு, பௌச்சர்கான் என்ற ஆண்டு மாநாட்டுக்கு வந்த வாசகர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். இரண்டுமே வேண்டும் என்பேன். தொழில் தெரிந்தவன் முடிச்சைப் பார்ப்பான். ராத்திரி தூக்கம் கெட்டதை வாசகர்தான் சொல்ல முடியும்.

நூலகர், தென்காசி: உங்களுக்கு மிகவும் பிடித்த விருது?

ஜப்பானின் எடோகாவா ராம்போ பரிசு. எட்கர் ஆலன் போ என்ற பெயரை ஜப்பானிய நாக்கில் சொல்லிப் பாருங்கள். எடோகாவா ராம்போ வரும். ஹிராய் தாரோ என்பவர் அதையே புனைபெயராக்கி ஜப்பானியத் துப்பறியும் கதையை வளர்த்தார். 1954இல் அறுபது வயது நிறைந்தபோது தன் கைக்காசைக் கொடுத்து ஒரு பரிசை ஏற்படுத்தச் சொன்னார். நம் ஊரில் சஷ்டியப்தபூர்த்திக்கு ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுவோம். அவர் இனி வரப்போகிற எழுத்தாளர்களுக்குப் போட்டார்.

1957 முதல் அது அச்சேறாத நாவலுக்கான பரிசாயிற்று. அந்த வருஷம் ஜெயித்தவர் நிகி எட்சுகோ. சின்ன வயதிலேயே முதுகெலும்பில் நோய் தாக்கிப் படுக்கையில் கிடந்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். அவர் நாவல் புத்தகமாகி அமோகமாக விற்றது. 1985இல் அதே பரிசு கெய்கோ ஹிகாஷினோவுக்கு. முந்தைய வருஷமும் அனுப்பித் தோற்றவர். கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். பரிசு வந்ததும் வேலையை விட்டுவிட்டு டோக்கியோவுக்கு ரயில் ஏறினார். இன்று அவரைப் படிக்காத நாடு குறைவு.

வாசகி, கோயம்புத்தூர்: எங்கள் ஊர் ராஜேஷ்குமார் 1,500 நாவலுக்கு மேல் எழுதிவிட்டார். நம்மிடம் எட்கர் போல ஒன்று ஏன் வேரூன்றவில்லை?

எனக்கும் இது ஆறாத வருத்தம். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலம் தொட்டு நூறு வருஷத்துக்கு மேல் துப்பறிகிறோம். சங்கர்லால், கணேஷ்-வசந்த், விவேக், பரத்-சுசீலா, நரேந்திரன்-வைஜெயந்தி என்று வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பெயர் சொல்கிறோம். ஆனால் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல் அடுத்த மாதம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். சேர்த்துவைக்காத புத்தகத்தை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது? எட்கரையும் குத்துவாளையும் ராம்போ பரிசையும் அரசாங்கம் தொடங்கவில்லை, எழுதுகிறவர்களே தொடங்கினார்கள். பத்து எழுத்தாளர்கள், ஒரு வருஷத்து நாவல்கள் மொத்தமும், அவற்றை அடுக்க ஒரு மர பீரோ. இவ்வளவு இருந்தால் ஆரம்பித்துவிடலாம். தென்காசி நூலகர் அய்யா, அந்த பீரோவுக்கு உங்கள் நூலகத்தில் இடம் இருக்குமா?

மாணவி, நாகர்கோவில்: நானும் ஒரு க்ரைம் நாவல் ஆரம்பித்திருக்கிறேன். வெளியிட ஆள் இல்லை. தொடரலாமா?

தொடருங்கள். பிரிட்டிஷ் சங்கம் புத்தகமே வராதவர்களுக்கென்று ஒரு குத்துவாள் வைத்திருக்கிறது. அதற்கு முழு நாவல் கேட்பதில்லை, தொடக்கப் பகுதியும் கதைச் சுருக்கமும் போதும். நீங்களும் முதலில் அந்தத் தொடக்கத்தை முடியுங்கள். பிணம் எங்கே கிடக்கிறது என்பதை மட்டும் எனக்கு இப்போதே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.